இரண்டரை மணிக் கயிறு

"நாற்பது விநாடி! நாற்பது விநாடி விட்டிருந்தா மலை என்ன இடிஞ்சா விழுந்திருக்கும்? நான் கேட்கறது அவ்வளவுதான்—"

"நாற்பத்தொண்ணு. கேட்கறதைச் சரியாக் கேளு, எய்லிவ். நாற்பத்தொரு விநாடி—"

"பாருங்க! இவளைப் பாருங்க எல்லாரும்! ஏழு மாசம் ஆச்சு, இன்னும் அந்த ஒரு விநாடியை விட மாட்டேங்கறா—"

"ஏன் விடணும்? ஆளுக்கொரு கடிகாரம் வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு பந்தயமா, சந்தையா?"

யோருன் பென்சிலால் மேசையைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். பனிச்சறுக்குச் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. அவள் தட்டினால் பிள்ளைகள் அடங்குவார்கள். எய்லிவும் ஹால்டிஸும் அடங்கவில்லை.

அக்டோபர் மாதம். சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் காபியும் வாஃபிளுமாக உட்கார்ந்திருந்தார்கள். மார்ச்சில் நடக்கப்போகும் வெஸ்லடால் ஓட்டத்துக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொள்கிற கூட்டம். மர அறுவை ஆலையில் தொடங்கி, மலையைத் தாண்டி, தேவாலயத்து வாசல் வரை ஐம்பத்துநான்கு கிலோமீட்டர். ஆயிரத்துச் சொச்சம் பேர் சறுக்கி வருவார்கள். அவர்களுக்குத் தடம் போடுகிறவன், சூப் காய்ச்சுகிறவள், வழியில் எறிந்துவிட்டுப் போகும் கோப்பைகளைப் பொறுக்குகிறவர்கள், எல்லாமே ஊர்க்காரர்கள்தான். சம்பளம் என்று ஒரு பைசா யாருக்கும் கிடையாது. அதனாலேயே இவ்வளவு சண்டை. கூலிக்கு வேலை செய்கிறவன் இப்படியெல்லாம் கத்த மாட்டான்.

ஹால்டிஸின் வேலை கயிறு. இருபத்திரண்டு வருடமாக அவளுடைய கையில்தான். நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் த்வெர்ஹோ மேட்டின் உச்சியில் நிற்பாள். மணி இரண்டரை ஆனதும் தடத்துக்குக் குறுக்கே கயிற்றைப் போடுவாள். அதற்குப் பிறகு வருகிறவன் யாராக இருந்தாலும் சறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, பனி வண்டியில் ஏறிக் கீழே போகவேண்டியதுதான். மேட்டுக்கு அப்பால் பன்னிரண்டு கிலோமீட்டர் மொட்டை மலை. சாலை இல்லை, ஒரு குடிசை இல்லை. சாயங்காலம் மூடுபனி இறங்கி ஒருவன் தொலைந்தால் தேடிப் போகவேண்டியவர்கள் இதே அறையில் வாஃபிள் தின்றுகொண்டிருப்பவர்கள். ஆகவே இரண்டரை என்றால் இரண்டரை.

போன மார்ச்சில் எய்லிவ் அந்த உச்சிக்கு நாற்பத்தொரு விநாடி பிந்தி வந்தான். முடித்திருந்தால் அது அவனுக்கு இருபதாவது ஓட்டம். ஹால்டிஸின் மறைந்த கணவன் தோரேவின் தம்பி அவன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொழுந்தன், அந்தப் பக்கம் அண்ணி. அவள் கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். அவன் ஒன்றும் பேசாமல் கட்டைகளைக் கழற்றினான். பேசாமல்தான் ஏழு மாதமும் போனது. பக்கத்து வீடு, இருவருக்கும் ஒரே தபால் பெட்டிக் கம்பம். அவள் வருவதைப் பார்த்தால் தபாலை எடுக்காமலே திரும்பிப் போவான். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தான், திறந்தவன் மூடவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா மேல நின்னு சுடச்சுடக் காபி குடிக்கறவளுக்கு, கீழேயிருந்து ஏறி வர்றவன் வலி எப்படித் தெரியும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நம்பரைக் கட்டிக்கிட்டு அந்த ஏத்தத்துல ஏறிப் பாரு. அப்புறம் வந்து பேசு."

"ஏறினா?"

"ஏறினா அப்போ தெரியும், நாற்பது விநாடின்னா என்னன்னு."

"நாற்பத்தொண்ணு."

"போதும்!" என்றாள் யோருன். "அடுத்தது கயிறு. வழக்கம்போல ஹால்டிஸ்னே எழுதிக்கறேன்."

"எனக்குக் கொடு," என்றான் எய்லிவ்.

வாஃபிள் கருகும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"நீ ஓடணுமே? உனக்கு இருபதாவது—"

"இருபதாவது எங்கேயும் ஓடிப் போயிடாது. இந்த வருஷம் கயிறை எனக்குக் கொடு."

எல்லாத் தலையும் ஹால்டிஸ் பக்கம் திரும்பியது. அவள் காபியை ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"கொடு அவனுக்கு," என்றாள். "என் பேரை ஓடறவங்க பட்டியல்ல எழுது."

"ஹால்டிஸ்," என்றான் ஓட்வார். இரண்டாவது சூப் நிலையம் அவன் பொறுப்பு. ஐம்பது வயது, நல்லவன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "உனக்கு அறுபத்திமூணு வயசு."

"ரொம்ப நன்றி, ஓட்வார். நான் மறந்தே போயிருந்தேன்."

சிரிப்பு அடங்கியபோது யோருன் எழுதி முடித்திருந்தாள். எழுதினது எழுதினதுதான்.

குளிர்காலம் முழுக்க ஹால்டிஸ் ஊருக்குள் நடந்து போனதை யாரும் பார்க்கவில்லை. கடைக்குச் சறுக்கிப் போனாள், பல் வைத்தியரிடம் சறுக்கிப் போனாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆட்டு விலா வேகவைத்து, முப்பது வருடப் பழக்கத்தில் எய்லிவுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். வைத்த தட்டை ஒன்பது மணிக்கு எடுத்து அலமாரியில் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலையில் பதினெட்டு கிலோமீட்டர் போய்வந்தாள்.

மார்ச் வந்தது. பந்தயத்தன்று காலை வானம் சதி செய்தது. உறையலாமா உருகலாமா என்று தீர்மானிக்க முடியாத குளிர். அடியில் பழைய பனிக்கட்டி, மேலே ஈரமான புதுப்பனி. இந்த மாதிரி நாளில் கட்டையின் அடியில் மெழுகு தேய்த்தால் வழுக்கும், பிசின் தடவினால் ஒட்டும். மர அறுவை ஆலை முற்றத்தில் ஆயிரம் பேர் கட்டைகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஆளின் கட்டையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹால்டிஸ் பிசின் தடவி, அதன் மேல் மெல்லிசாக மெழுகு தேய்த்தாள். மார்பில் 1043.

எய்லிவ் பனி வண்டியில் மேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தோளில் கயிற்றுச் சுருள்.

"இரண்டரை," என்றான்.

"எனக்கே சொல்றியா?"

"சொல்லி வெச்சேன். ஒரு விநாடி கூடாது."

"கூடினா நானே உன் கையிலேர்ந்து வாங்கிப் போட்டுட்டுப் போறேன். கிளம்பு."

ஒன்பது மணிக்குத் துப்பாக்கி வெடித்தது.

முதல் பத்து கிலோமீட்டர் காட்டுக்குள் அவள் பாட்டுக்குப் போனாள். கால் தடத்தில் உட்கார்ந்தது, கோல் சரியாக ஊன்றியது, மூச்சு ஒரு கணக்கில் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இவன்கள் இவ்வளவு அலட்டிக்கொள்கிறான்கள் என்றுகூட நினைத்தாள். பதினாலாவது கிலோமீட்டரில் முதல் சூப் நிலையம். ஒரு கோப்பை ஊதா நிற ப்ளூபெர்ரிப் பழ சூப்பை வாயில் வைத்தாள். வெதுவெதுப்பு.

"யாரு இதைக் காய்ச்சினது? இது சூப்பா, குழந்தையைக் குளிப்பாட்டற தண்ணியா?"

"ஹால்டிஸ், நீ போ—"

"மூடி எங்க? மூடி போடாம வெச்சா எப்படிச் சூடு நிக்கும்? அந்த மூடியை எடு. கோப்பையை ஏன் காத்து அடிக்கிற பக்கம் அடுக்கியிருக்கே? பாதி பறந்து காட்டுக்குள்ள கிடக்கு!"

மூடியைத் தேடி, மூடி, கோப்பைகளை இடம் மாற்றிவிட்டுத்தான் நகர்ந்தாள். ஆறு நிமிடம். போகட்டும், பிடித்துவிடலாம்.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் ஓட்வாரின் நிலையம். தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது: அண்டாவிலிருந்து ஆவி வரவில்லை. அடுப்பு மஞ்சளாக, செத்துப்போகிற மாதிரி எரிந்தது. கேஸ் சிலிண்டர் வெள்ளையாக உறைபனி பூத்து நின்றது. ஓட்வார் அதைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"குலுக்கினா வருமாடா அது? பழ மரமா? வெந்நீர் இருக்கா? வாளியில ஊத்து. சிலிண்டரைத் தூக்கி அதுக்குள்ள நிறுத்து. கொதிக்கிற தண்ணி வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும்!"

சொல்லும்போதே கட்டைகளைக் கழற்றியிருந்தாள். வாளி வந்தது, சிலிண்டர் இறங்கியது, சுடர் நீலமாக எழுந்து நின்றது. சூப் கொதிக்கத் தொடங்கியதும் ஆட்கள் நெருக்கினார்கள். கரண்டி எப்படியோ அவள் கைக்கு வந்திருந்தது. ஊற்றினாள், நீட்டினாள், ஊற்றினாள். ஆரஞ்சு நறுக்குகிறவளிடம் துண்டு பெரிதாக இருக்கட்டும் என்றாள். வரிசையில் தள்ளினவனைப் பின்னால் போகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடக் கை. அது யாரைக் கேட்கும்?

தாடியெல்லாம் பனி படிந்த ஒருவன் கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் மார்பையே பார்த்தான்.

"அம்மா, நீங்களும் ஓடறீங்களா?"

ஹால்டிஸ் குனிந்து பார்த்தாள். 1043.

"ஓட்வார்! மணி என்ன?"

"பன்னெண்டு முப்பத்தெட்டு. நான் அப்பவே சொல்லலாம்னுதான்—"

"சொல்லலாம்னா சொல்லேன்டா! ஊர்ல எல்லாத்துக்கும் பேசற வாய், இதுக்கு மட்டும் பூட்டிக்கிச்சா?"

"நல்லா வேலை செஞ்சிக்கிட்டிருந்தியே, ஹால்டிஸ், அதைக் கெடுக்க மனசு வரலை!"

பதினேழு நிமிடம் இங்கேயே போயிருந்தது. கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டுக் கட்டைகளை மாட்டினாள். பதினைந்து கிலோமீட்டர் பாக்கி. அதில் கடைசி நாலும் ஏற்றம்.

இப்போது தடமும் கெட ஆரம்பித்தது. முன்னால் போன ஆயிரம் பேர் உழுதுவிட்டுப் போயிருந்தார்கள். ஈரப்பனி கட்டையின் அடியில் திரண்டு, செருப்பில் ஒட்டின களிமண் மாதிரி கனத்தது. இரண்டு தடவை நின்று சுரண்டினாள். மூன்றாவது தடவை நிற்காமல் காலை உதைத்து உதைத்தே உதிர்த்தாள். தோள் எரிந்தது. எய்லிவின் முகம் கண் முன்னால் வந்தது: கையில் கயிறு, உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தே மூன்று கிலோமீட்டர் போனாள்.

முப்பத்தாறாவது கிலோமீட்டரில் மூன்றாவது நிலையம். மணி ஒன்று நாற்பது. சூப் டிரம்மின் குழாய் மூட முடியாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஊதா நிறத்தில் ஒரு ஓடை பனியை உருக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடியது. அஞ்சலகத்துப் பெண் இங்கெபோர் தன் கையுறையை அதில் அடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையுறை, சட்டைக் கை, முழங்கை எல்லாம் ஊதா.

"ஹால்டிஸ்! நல்ல நேரத்துல வந்தே! இந்தக் குழாய் மூட மாட்டேங்குது, என்ன பண்றது?"

ஹால்டிஸுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் புரண்டிருக்கும். கத்தி முனையால் ஒரு நெம்பு, ஒரு திருகு. ஒன்றரை நிமிட வேலை. கை தானாகவே கோலின் வாரிலிருந்து நழுவியது.

பல்லைக் கடித்துக்கொண்டு வாரை மறுபடி மாட்டினாள்.

"ஒழுகட்டும்!"

"என்னது?"

"ஒழுகட்டும்னேன்!"

பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில்லை. இங்கெபோர் வாய் பிளந்து பார்த்தாள். ஹால்டிஸ் இரண்டு கோல்களையும் சேர்த்து ஊன்றி, உந்தி, அந்த ஊதா ஓடையைத் திரும்பிப் பாராமல் கடந்தாள். கடந்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினமாதிரி இருந்தது. அங்கிருந்து ஏற்றத்தின் அடிவாரம் வரை பறந்தாள் என்றே சொல்லலாம்.

ஏற்றத்தில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கோலின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். பேச்சைக் கேட்டால் டென்மார்க்காரன். மலையே இல்லாத ஊரிலிருந்து மலையேற வந்தவன்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கேட்டா குறையுமா? பேசாம ஏறு. மேல பாக்காதே, என் கட்டையோட வாலையே பார்த்துக்கிட்டு வா."

வந்தான். பின்னால் அவன் மூச்சு இரைப்பது துணையாக இருந்தது. காடு குட்டையாகி, பிர்ச் மரங்கள் இடுப்பளவாகி, பிறகு மரமே இல்லாமல் போனது. காற்று முகத்தில் அடித்தது. மேட்டு உச்சியின் கொடி தெரிந்தது. அதனடியில் ஒரு உருவம் கையை வாய்க்குக் குவித்தது.

"இரண்டு இருபத்தஞ்சு, ஹால்டிஸ்! காபி வேணுமா? சூடா வெச்சிருக்கேன்!"

அவள் மூச்சை வீணாக்கவில்லை. கட்டைகள் பிடிக்காமல் பின்னால் வழுக்கின. மீன்முள் மாதிரி அவற்றை விரித்து, விளிம்பைக் குத்தி, ஒவ்வொரு அடியாக ஏறினாள். நாற்பது விநாடிக்கு எத்தனை அடி என்று அப்போதுதான் தெரிந்தது: பதினெட்டு. இருபத்திரண்டு வருடம் அதை மேலேயிருந்து எண்ணியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் காலால் எண்ணியதில்லை.

"இருபத்தெட்டு! என்ன, பாதி வழியில குடித்தனம் போட்டுட்டியா?"

"வாயை... மூடுடா..."

"ஆகா, உயிர் இருக்கு!"

மஞ்சள் சட்டைக்காரனின் மூச்சு பின்தங்கியது. அவள் நிற்கவில்லை. நின்றால் இரண்டு பேருக்கும் இல்லை. உச்சி இன்னும் இருபது அடி. அப்போதுதான் கவனித்தாள்: எய்லிவின் கிண்டல் நின்றுபோயிருந்தது. அவன் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஒரு நிமிஷம்," என்றான். பிறகு கத்தினான்: "ஐம்பது! வா! நாற்பத்தஞ்சு... அடியை நீளமா வை, நீளமா! நாற்பது! ஹால்டிஸ், வா, வந்து தொலை! முப்பது—"

அவள் வந்து தொலைந்தாள். இடது கட்டை கோட்டைத் தாண்டியது, வலது கட்டை தாண்டியது. ஒரு கணம் கோலின் மேல் தொங்கினாள். கண்ணில் நீர், காற்றினால்.

"பதினேழு," என்றான் எய்லிவ். "பதினேழு விநாடி மிச்சம்."

"பதினெட்டு," என்றாள் ஹால்டிஸ்.

அவனுடைய காபியை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். பத்துப் பன்னிரண்டு தள்ளல் போயிருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஈரப்பனியில் கயிறு விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். முதுகுப் பக்கமிருந்து கேட்டது மட்டும் அன்றுதான்.

மொட்டை மலையில் அவளைத் தவிர யாரும் இல்லை. முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள், பின்னால் இனி வர ஆளில்லை. பன்னிரண்டு கிலோமீட்டரும் அவளுடையது. பாதிக்கு மேல் இறக்கம். ஒரு வளைவில் விழுந்தாள், எழுந்தாள், பனியைத் தட்டாமலே போனாள். உருண்டை உருண்டையாக மேகம் விலகி, வெயில் சரிவு முழுக்க விழுந்தபோது, அறுபத்திமூன்று வயதில், கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்தில், "ஓ!" என்று கத்தினாள். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை கத்தினாள்.

தேவாலயத்துத் தெருவுக்குள் திரும்பியபோது அந்த இரைச்சல் கேட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஊர் நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி, ஒரு மூடி, ஒரு காலி அண்டா. கடைசியாக வருகிறவருக்குப் பாத்திரம் தட்டுவது வெஸ்லடால் வழக்கம். வழக்கம் என்று ஹால்டிஸுக்குத் தெரியும், கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் அவள் மலை மேல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். ஓட்வார் முழு அண்டாவையே கவிழ்த்துப்போட்டு அடித்தான். இங்கெபோர் ஊதாக் கையால் அடித்தாள்.

"ஆயிரத்து நாற்பத்துமூன்று!" ஒலிபெருக்கியில் யோருனின் குரல் கிழிந்தது. "கடைசி ஆள்! இந்த வருஷத்தோட கடைசி ஆள், நம்ம ஹால்டிஸ்!"

"சத்தமாச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே ஹால்டிஸ் இரண்டு கோலையும் தலைக்கு மேல் தூக்கினாள். கோட்டைத் தாண்டின பிறகும் இறக்கவில்லை. யாரோ பதக்கத்தை மாட்ட வந்தபோதுதான், வழியில்லாமல், இறக்கினாள்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் பெஞ்சில் உட்கார்த்தி, கம்பளி போர்த்தி, இறைச்சி சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் முதுகில் தட்டினான். "கடைசியா வர்றதுக்கு இவ்வளவு மவுசுன்னு தெரிஞ்சா முப்பது வருஷம் முன்னாடியே வந்திருப்பேன்," என்று நாலு பேரிடம் சொன்னாள். ஐந்தாவது ஆளிடம் சொல்ல வாயெடுத்தபோது எய்லிவ் வந்துவிட்டான். தோளில் கயிறு ஈரமாகச் சுருண்டிருந்தது. கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கட்டைகளை மடியில் போட்டு, அடியில் இறுகியிருந்த பனியைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தான்.

அவளிடம் அக்டோபரிலிருந்து ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. குளிர்காலம் முழுக்கத் தீட்டித் தீட்டி வைத்தது. 'இப்போ என்ன சொல்றே?' என்று தொடங்கும். வாயில் ரொட்டி இருந்தது. மென்றாள்.

"அந்த மஞ்சச் சட்டை," என்றான் எய்லிவ்.

"எவ்வளவு?"

"ஒன்பது விநாடி."

"கயிறைப் போட்டியா?"

"போட்டேன்."

தெருவில் ஓட்வார் இன்னும் அண்டாவை அடித்துக்கொண்டிருந்தான். யாரோ நிறுத்தச் சொன்னார்கள். அவன் நிறுத்தவில்லை.

"சண்டை போடுவான்னு பார்த்தேன். நான் அக்டோபர்ல போட்ட மாதிரி. அவன் 'சரி'ன்னான். 'நன்றி'ன்னு வேற சொன்னான். உட்கார்ந்து கட்டையைக் கழட்டினான். விரல் மரத்துப்போய்க் கழட்ட வரலை. நான்தான் கழட்டி விட்டேன்."

ஹால்டிஸ் ரொட்டியை விழுங்கினாள். வாக்கியமும் கூடவே போய்விட்டது. சூப் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கத்தியை வைத்துவிட்டு ஒரு வாய் குடித்தான், சூடு போதாது என்பதுபோல முகத்தைச் சுளித்தான். கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்:

"போன வருஷம் என்னைக் கீழே அனுப்பினியே, ஹால்டிஸ், அன்னிக்கு ராத்திரி நீ தூங்கினியா?"